அண்ணி கோட்டு மாட்டிவிட்ட கண்டக்டர்

எங்கள் கடைக்கு யார் எதை அச்சடிக்க வந்தாலும் என் அண்ணி முதலில் கேட்பது அளவும் இல்லை, கலரும் இல்லை. "இதைப் பார்க்கப் போறது யாரு? பார்க்கிற நேரத்துல அவங்க எப்படி இருப்பாங்க?" என்பதுதான் முதல் கேள்வி. போன வாரம் விசிட்டிங் கார்டு அடிக்க வந்த பிளம்பர் இதைக் கேட்டுத் திருதிருவென்று முழித்தார்.

"வீட்டுல பைப்பு ஒழுகுறவங்க பார்ப்பாங்க. வேற யாரு பார்ப்பா?" என்றார்.

"கரெக்ட். கை ஈரமா இருக்கும், தரையெல்லாம் தண்ணி, மனசுல பதட்டம். அப்போ உங்க பேரு எதுக்கு இவ்வளவு பெருசா? நம்பர் பெருசா இருக்கட்டும். 'இதோ வந்துட்டேன்'னு ஒரு வரி போடுவோம். உங்க பேரு ஓரமா இருந்தா போதும்."

பிளம்பருக்கு மூஞ்சி தொங்கிவிட்டது. பெயரைப் பெரிதாகப் பார்க்கத்தானே மனிதன் கார்டு அடிக்கிறான்? நான் நடுவில் புகுந்து சமாதானம் பேசி அனுப்பினேன். மூன்றாம் நாள் வந்து இன்னும் ஐந்நூறு கார்டு கேட்டார் என்பது வேறு விஷயம்.

நான் யார் என்று சொல்லவில்லையே. அண்ணியின் நாத்தனார். கவுண்டரில் உட்கார்ந்து ஆர்டர் எடுப்பது, டைப் அடிப்பது, வருகிறவர்களோடு சண்டை போடுவது மூன்றும் என் பொறுப்பு. பின்னறையில் மெஷின் ஓட்டுவது என் அண்ணன். அவன் வாயிலிருந்து ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை வந்தால் அதிகம். டிசைன் முழுக்க அண்ணி. எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும், அண்ணிக்குக் கோபமே வராது. அதனால்தான் ஒரே கடையில் இத்தனை வருடம் ஓட்டியிருக்கிறோம்.

ஆனால் இந்தக் கேள்வியெல்லாம் கேட்கிற அண்ணி புது அண்ணி. ஒரு வருடம் முன்பு வரைக்கும் தெருவில் அவருக்குப் 'பளபளா' என்று பெயர். எந்த முகம் அவர் கம்ப்யூட்டருக்குள் போனாலும் பளபளவென்று வெளியே வரும். பரு போய்விடும், சுருக்கம் போய்விடும், நரை கறுத்துவிடும், காலர் இல்லாதவருக்குக் காலர் முளைத்துவிடும். பாஸ்போர்ட் போட்டோவுக்கு வந்த மளிகைக் கடைக்காரர் தன் படத்தைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, என் தம்பி போட்டோவக் குடுத்துட்டீங்களே" என்றார். அவருக்குத் தம்பியே கிடையாது.

நான் கிண்டல் பண்ணுவேன். "அண்ணி, நீங்க டிசைனரா, பிளாஸ்டிக் சர்ஜனா?"

"சிரிக்காதே. தன் மூஞ்சி தனக்குப் பிடிச்சிருக்குன்னு சொல்ற ஒரு ஆளைக் காட்டு பார்ப்போம். ஒரு நிமிஷமாவது பிடிக்க வைக்கிறேன். அது தப்பா?"

அதோடு கிண்டலை நிறுத்திக்கொண்டேன். ஏனென்றால் அண்ணியின் இடது கன்னத்தில் காசு அகலத்துக்கு ஒரு மச்சம் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் குரூப் போட்டோ எடுக்க வந்தவர், "அந்தப் பக்கம் திரும்பிக்கோம்மா" என்று முப்பது பிள்ளைகளுக்கு முன்னால் சொன்னாராம். பத்து வயதில் திரும்பிய கழுத்து, பிறகு எந்த போட்டோவிலும் நேரே நிற்கவில்லை. கம்ப்யூட்டர் வகுப்பில் படத்தைத் திருத்தக் கற்றுக்கொடுத்த அன்றே அவர் முதலில் அழித்தது அந்த மச்சத்தைத்தான். அந்தப் படம்தான் கல்யாணப் பேச்சு வந்தபோது எங்கள் வீட்டுக்கும் வந்தது. நேரில் பார்த்த அண்ணன், "இது போட்டோவுல இல்லையே" என்று கேட்டுவிட்டான். அவ்வளவுதான், கதை முடிந்தது என்று அண்ணி நினைத்திருக்கிறார். அண்ணனோ, "நல்லதுதான். கடைத்தெருவுல தொலைஞ்சு போனா கண்டுபிடிக்க வசதி" என்றான். அன்றைக்கு அவனுக்கு ஒதுக்கிய பத்து வார்த்தையும் அதிலேயே தீர்ந்திருக்கும். அதை நாங்கள் வீட்டில் வருடக்கணக்காகச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தோம்.

எதிர்வரிசையில் மருந்துக்கடை. அதை நடத்துகிற அக்காவும் அவருடைய அப்பாவும் மட்டும் கடைக்கு மேல் மாடியில் இருந்தார்கள். அப்பா முப்பத்தொரு வருடம் பஸ் கண்டக்டராக இருந்தவர். தெருவில் எல்லோருக்கும் அவர் 'கண்டக்டர்'தான். ஒரு காலத்தில் மாலை நேரத்தில் எங்கள் கடைப் படியில் வந்து நின்று பேசுவார். பிறகு வருவது நின்றுபோனது. கேட்டால் அக்கா, "அப்பாவுக்கு முட்டி வலி" என்பார். இன்னொரு நாள் "சளி" என்பார். ஞாபகம் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருக்கிறது என்று யாரிடமும் சொல்லவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற கதைதான். எங்களுக்கெல்லாம் அரைகுறையாகத் தெரியும், தெரியாத மாதிரி இருந்தோம்.

மூத்த குடிமக்கள் அட்டைக்கு போட்டோ வேண்டும் என்று ஒருநாள் அக்கா போனிலிருந்து அப்பாவின் படம் ஒன்றை அனுப்பினார். அண்ணி தன் கைவரிசையைக் காட்டினார். கண்டக்டரின் நெற்றியில் ஒரு பள்ளம் உண்டு. திடீர் பிரேக்கில் கம்பியில் இடித்துக்கொண்டது. அதை நிரப்பினார். முன்பல் ஒன்று இல்லை, வாயை மூடிவிட்டார். தலைமுடியைக் கறுப்பாக்கி, மேலே ஒரு கோட்டும் டையும் மாட்டிவிட்டார். பேங்க் மேனேஜர் தோற்றார். அக்காவுக்கு அத்தனை சந்தோஷம். மேலே கொண்டுபோய் அப்பாவிடம் காட்டியிருக்கிறார்.

அவர் உற்றுப் பார்த்துவிட்டு, "யாரும்மா இது? பெரிய ஆபீசரு மாதிரி தெரியுது" என்றாராம்.

அதையும் நாங்கள் சிரித்து விட்டுவிட்டோம். பாவம், வியாதி அப்படிப் பேச வைக்கிறது என்று நினைத்தோம்.

அதற்கு ஆறு மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அக்கா கடை திறக்கக் கீழே இறங்கிய பத்து நிமிடத்தில் கண்டக்டர் காணாமல் போனார். பின்பக்கக் கதவைத் தாழ்ப்பாள் போட மறந்துவிட்டிருக்கிறார் அக்கா. பஸ் டிப்போ, ஆஸ்பத்திரி, போலீஸ் என்று எல்லா இடமும் அலைந்துவிட்டு மத்தியானம் எங்கள் கடைக்கு வந்து நின்றார். செருப்பு இரண்டும் வேறு வேறு ஜோடி.

"சுகர் மாத்திரை போடலை. நேத்து ராத்திரி போட்டதோட சரி. எனக்கு என்ன பண்றதுன்னே தெரியலை" என்றார்.

அண்ணி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். என்ன அளவு, எத்தனை காப்பி, எந்த நம்பர் என்று கேட்டார். படம்தான் கம்ப்யூட்டரிலேயே இருக்கிறதே! சுத்தமான படம், எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாது. மேலே சிவப்பில் 'காணவில்லை'. கீழே வயது, உயரம், நிறம், கடைசியாக அணிந்திருந்த சட்டை, தகவல் தர மருந்துக்கடை நம்பர், அடியில் பொடி எழுத்தில் எங்கள் அச்சகத்தின் பெயர். அரை மணி நேரத்தில் முந்நூறு போஸ்டர் தயார். ஒட்டுகிற ஆள் சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்க ஒட்டிவிட்டு வந்தார்.

புதன்கிழமை மூன்று முறை போன் வந்தது. மூன்று முறையும் அக்கா ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஓடினார். மூன்று முறையும் தனியாகவே திரும்பி வந்தார். "பார்க்குல யாரோ ஒரு பெரியவர். அப்பா இல்லை." மூன்றாவது தடவை அவர் எங்கள் பக்கம் பார்க்கக்கூட இல்லை.

அன்று மாலை நாலு மணிக்கு ஒரு பெரியவர் கையில் கிழித்த போஸ்டரோடு எங்கள் கடைக்குள் புயலாக நுழைந்தார்.

"யாரு இங்க ஓனரு? நான் காணாமப் போகலை!"

எனக்குப் புரியவில்லை. "என்ன சார் சொல்றீங்க?"

"காலையில இருந்து பார்க்குல நிம்மதியா உட்கார விடமாட்டேங்கிறாங்கம்மா! ஒருத்தர் போட்டோ எடுக்கிறாரு. ஒரு பொண்ணு கையைப் பிடிச்சுக்கிட்டு, 'பயப்படாதீங்க, உங்க வீட்டுல இருந்து வந்துக்கிட்டிருக்காங்க'ங்குது. எனக்கு என்ன பயம்? என் வீடு பார்க்குக்கு எதிர்லயே இருக்கு!"

கோட்டு போட்டிருந்தார். டை கட்டியிருந்தார். கறுப்புச் சாயம் பூசிய தலை, பள்ளம் மேடு இல்லாத நெற்றி, இறுக்கி மூடிய வாய். கையில் இருந்த போஸ்டரையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தேன். ஐயோ, அச்சு அசல் அவரேதான்! சிரிப்பு தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. அண்ணி பக்கம் திரும்பினேன், அப்படியே அடங்கிவிட்டது.

அண்ணி பேயறைந்த மாதிரி நின்றுகொண்டிருந்தார். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது என்பார்கள். அண்ணி பிடித்தது ஒருவரை, முடிந்தது வேறொருவராக.

"அது அவர் இல்ல. அது நான் பண்ணின மூஞ்சி. முந்நூறு எடத்துல இல்லாத ஒரு ஆளை ஒட்டி வச்சிருக்கேன். நேத்துல இருந்து ஊரே அந்த ஆளைத்தான் தேடுது" என்றார்.

"பழைய படத்தை எடுங்க அண்ணி, இப்பவே மாத்திடலாம்."

"அது மேலயே சேவ் பண்ணிட்டேன்."

வாய்க்கு வந்ததைச் சொல்லியிருப்பேன். ஒரிஜினலை வைத்துக்கொள்ளுங்கள் என்று எத்தனை தடவை தலையில் அடித்துக்கொண்டிருக்கிறேன்! 'இது இருக்கும்போது அது எதுக்கு' என்பார். ஆனால் அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்த்து கோபத்தை விழுங்கிக்கொண்டேன். கோட்டுப் பெரியவரும் விஷயம் தெரிந்ததும் கோபத்தை விட்டுவிட்டு, "அடடா, முதல்ல அவரைத் தேடுங்கம்மா. நான் வேணா நாளைக்குப் பார்க்குக்கு வராம இருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அண்ணி நேரே எதிர்வரிசைக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். சுற்றி வளைக்கவில்லை. "தப்பு என்னுதுக்கா. உங்க அப்பா மூஞ்சிய நான்தான் அழிச்சேன்" என்று கவுண்டருக்கு முன்னால் நின்று சொன்னார்.

அக்கா கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் கவுண்டர் மேல் கிடந்த மாத்திரை அட்டைகளை அடுக்கி வைத்தார். "நானும் அந்தப் படத்தைத்தானே போன்ல வச்சுப் பார்த்துக்கிட்டிருந்தேன். மேலே இருக்கிற அப்பாவைப் பார்க்கவே பயமா இருந்துச்சு. அந்தக் கோட்டு போட்ட அப்பாவைப் பார்த்தா ஒண்ணுமே ஆகாத மாதிரி இருந்துச்சு" என்றார். சொல்லிவிட்டு அழுதார். அண்ணியும் அழுதார். எனக்கும் அழுகை வந்துவிட்டது, அதை ஏன் மறைக்க வேண்டும்?

பழைய போன் உடைந்து ஆறு மாதமாகிவிட்டது. புதுப் போனில் அந்தக் கோட்டுப் படத்தைத் தவிர அப்பாவின் படம் ஒன்றே ஒன்று இருந்தது. அது கூடத் தெரியாமல் கை பட்டு எடுத்தது. கண்டக்டர் வலது கையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, இல்லாத பல்லின் ஓட்டை தெரிய, வாய் நிறையச் சிரித்துக்கொண்டிருந்தார். நெற்றிப் பள்ளம் பளிச்சென்று தெரிந்தது.

"இது வேண்டாம்மா. பைத்தியம் மாதிரி இருக்கு" என்று அக்கா போனை இழுத்துக்கொண்டார்.

"கையை எதுக்குத் தூக்கியிருக்காரு?" என்று அண்ணி கேட்டார்.

எங்கள் கடை ஆரம்பித்த நாளிலிருந்து அண்ணி ஒரு வாடிக்கையாளரிடம் அளவையும் கலரையும் விட்டுவிட்டு வேறு ஒன்றைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

அக்கா தயங்கித் தயங்கிச் சொன்னார். "பெல் கயிறு. இல்லாத கயித்தை இழுக்கிறாரு. தினமும் டியூட்டியிலதான் இருக்காரு. சமையல்கட்டுல நான் நின்னா, 'எங்க போகணும்'னு கேட்பாரு. நான் ஏதாவது ஊர் பேரைச் சொல்லணும். 'எடம் இருக்கு, உள்ள போங்க'ன்னு சொல்லிட்டுக் கயித்தை இழுப்பாரு. அப்போ மட்டும்தான் இந்த மாதிரி சிரிப்பாரு."

"வீட்டுலதான் இருக்கீங்கன்னு சொன்னா?"

"கோபம் வந்துடும். பயந்துடுவாரு. எழுந்து நடக்க ஆரம்பிச்சுடுவாரு."

"இதை அப்படியே போடுவோம்க்கா."

"ஊருக்கேவா சொல்லணும்?"

"ஊருதானேக்கா தேடணும்."

அக்கா போனை மெதுவாக அண்ணி பக்கம் தள்ளினார்.

கடைக்குத் திரும்பி அண்ணி கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். படத்தில் ஒரு புள்ளியைத் தொடவில்லை. தாளில் முக்கால்வாசிக்கு அந்தச் சிரிப்பைப் பரப்பினார். அதற்குக் கீழே இருக்கிறதிலேயே பெரிய எழுத்தில் 'எங்க போகணும்?' என்று போட்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "என்ன அண்ணி இது, டிராவல்ஸ் விளம்பரமா? 'காணவில்லை'ன்னு எங்க?"

"காணவில்லைன்னு ஊருல ஆயிரம் சுவத்துல இருக்கு. யாரு நின்னு படிக்கிறா? இவர் பக்கத்துல நிக்கிறவன் காதுல என்ன விழும்? இந்த ரெண்டு வார்த்தைதான். காதுல கேட்டதைக் கண்ணுல பார்த்தா நிப்பான்."

சிவப்பையும் எடுத்துவிட்டார். சிவப்பைப் பார்த்தால் ஆள் பயந்து தள்ளிப் போவான், இவர் பக்கத்தில் அல்லவா வரவேண்டும் என்றார். நான் டைப் அடிக்க, அவர் சொல்லச் சொல்ல, இதுதான் கடைசியில் நின்றது:

'எங்கள் அப்பாவைத் தேடுகிறோம். முப்பத்தொரு வருடம் பஸ் கண்டக்டர். இப்போது ஞாபகம் குறைந்துவிட்டது. உங்களைப் பார்த்தால் "எங்க போகணும்?" என்று கேட்பார். ஏதாவது ஓர் ஊரைச் சொல்லுங்கள். தொலைந்துவிட்டீர்கள் என்று மட்டும் சொல்லாதீர்கள், அவர் டியூட்டியில் இருக்கிறார். "டீ குடிச்சுட்டு வண்டிய எடுக்கலாம்" என்று சொல்லி உட்காரவையுங்கள். சர்க்கரை போடாத டீ. உடனே எங்களைக் கூப்பிடுங்கள்.'

அண்ணன் பின்னறையிலிருந்து வந்து திரையைப் பார்த்தான். அண்ணி அவனைப் பார்க்காமல், "நீங்க அன்னிக்கே சொன்னீங்க. நான்தான் காதுல வாங்கலை" என்றார். விரல் அவரை அறியாமல் கன்னத்து மச்சத்தின் மேல் இருந்தது.

"தாள் வெட்டி வச்சிருக்கேன். குடு" என்றான் அண்ணன்.

வியாழன் காலை போஸ்டர்கள் சுவர் ஏறின. பதினொன்றரை மணிக்கு மருந்துக்கடையில் போன் அடித்தது. அக்கா ஸ்பீக்கரில் போட்டார். காய்கறி மொத்த மார்க்கெட்டின் லாரி நிறுத்தத்தில் மூட்டை தூக்குகிறவர் பேசினார்.

"அம்மா, என்கிட்ட கேட்டாரும்மா. போஸ்டர்ல போட்டிருக்கிற மாதிரியே கேட்டாரு. நான் ஊர் பேரைச் சொன்னேன். 'எடம் இருக்கு, ஏறு'ன்னாரு. இப்போ டீ குடிச்சுக்கிட்டிருக்காரு. சர்க்கரை போடலை."

ஆட்டோவில் அக்கா, அண்ணி, நான் மூவரும் போனோம். வழியெல்லாம் அக்கா மாத்திரைப் பெட்டியைத் திறந்து மூடிக்கொண்டே வந்தார். மார்க்கெட் வாசலில் அந்த மூட்டை தூக்குகிறவர் எங்களுக்காக நின்றிருந்தார்.

"செவ்வாய்க்கிழமையில இருந்து இங்கதான் இருக்காரும்மா. நாங்க டிரான்ஸ்போர்ட் ஆபீசுல அனுப்பின பெரியவருன்னு நினைச்சுட்டோம். லோடு ஏத்தும்போது பின்னாடி நின்னு, 'தள்ளிப் போ, எடம் இருக்கு'ன்னு அதட்டுவாரு. அவர் சொல்ற மாதிரி அடுக்கினா நெஜமாவே நாலு மூட்டை கூடப் புடிக்குது! சாப்பாடு குடுத்தோம், வாட்ச்மேன் ரூம்ல படுத்துக்கிட்டாரு." பிறகு கேட்டைக் காட்டினார். அங்கே எங்களுடைய பழைய போஸ்டர், கோட்டு, டையோடு ஒட்டியிருந்தது. "இது ரெண்டு நாளா இங்கயே இருக்கு. இவர் அதுக்குக் கீழதான் உட்காருவாரு. ஒட்ட வந்தவரு கூட, 'கொஞ்சம் தள்ளி உட்காருங்க பெரியவரே'ன்னு சொல்லிட்டுத்தான் ஒட்டிட்டுப் போனாரு."

அண்ணி அந்த போஸ்டரை நகத்தால் சுரண்டிக் கிழித்தார். முழுசாக வரவில்லை. பாதிக் கோட்டு சுவரிலேயே நின்றுவிட்டது.

கண்டக்டர் ஒரு காலி மூட்டையின் மேல் டீ டம்ளரோடு உட்கார்ந்திருந்தார். தாடி முளைத்திருந்தது, கால் வீங்கியிருந்தது. மற்றபடி ராஜா மாதிரி இருந்தார். அண்ணியின் கையிலிருந்த புது போஸ்டரைப் பார்த்ததும் கையை நீட்டி வாங்கினார்.

"அட, இது நான்தானே!" என்றார். "ஏம்மா, பல்லு போனது தெரியற மாதிரியா போடுவாங்க?"

அண்ணி சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை.

அதற்குள் கண்டக்டர் நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். மகள் என்று தெரிந்ததா, தெரியவில்லையா, இன்றைக்கும் எங்களால் சொல்ல முடியாது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார்.

"எங்கம்மா போகணும்?"

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். சுற்றிலும் மூட்டை தூக்குகிறவர்கள், டிரைவர்கள், தராசுக்காரர்கள் என்று இருபது பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு மட்டும் பதில் சொல்லி வந்த கேள்விக்கு அக்கா முதல் தடவையாக எல்லோர் முன்னாலும் சத்தமாகப் பதில் சொன்னார்.

"வீட்டுக்குப்பா. ரெண்டு டிக்கெட்."

"ஒண்ணு போதும்" என்றார் கண்டக்டர், கையை மேலே தூக்கிக்கொண்டே. "கண்டக்டருக்கு எதுக்கும்மா டிக்கெட்?"